ஒரு நாளைக்கு முப்பத்திநாலு தரம்

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை நல்லரெத்தினம் மூன்று முறை வாசித்தார். மூன்றாம் முறை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தபோதே ஸாலிஹாவுக்கு விளங்கிவிட்டது. கல்முனையில் நீதிமன்றத்துக்கு எதிரே, வாகை மரத்தடியில், ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தோடு பதினேழு வருசமாக உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். காணிச் சண்டைக்காரர், தாபரிப்பு வழக்குக்காரிகள், வாய்க்கால் தகராறுக்காரர் என்று ஊரின் பாதிக் கண்ணீர் அந்த இயந்திரத்தின் வழியாகத்தான் காகிதத்தில் ஏறியது. அவர் கண்ணாடியைக் கழற்றினால் காரியம் சரியில்லை என்று அர்த்தம்.

"மறுத்திட்டாங்களா ஐயா?"

"ஓம் தங்கச்சி. மறுத்துத்தான் கிடக்கு."

ஸாலிஹா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அழுவதற்கு அவளுக்கு விருப்பமில்லை.

அவளுடைய புருசன் காலிதீன் முன்பு இராணுவத்தில் லொறி ஓட்டியவன். எழுபத்தோராம் ஆண்டு ஏப்ரல் கலவரத்தின்போது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லொறி பாலம் உடைந்து ஆற்றுக்குள் சரிந்தது. முள்ளந்தண்டிலும் வலது முழங்காலிலும் அடி. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் மல்லாக்கக் கிடந்தான். எழுந்து நடக்கத் தொடங்கியதும், 'சிறிய அளவு ஊனம்' என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் காவல் வேலை பார்த்தான். வருசம் போகப் போக அந்தச் சிறிய ஊனம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் நிற்கவும் ஏலாமல், இருக்கவும் ஏலாமல் ஆகி அந்த வேலையும் போனது. அதன் பிறகுதான் முழு ஊன ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டார்கள். அந்த மனுவுக்கு வந்த பதில்தான் இப்போது நல்லரெத்தினத்தின் மேசையில் கிடந்தது.

ஓய்வூதியம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஏஜென்சிக்காரன் அபுல் ஹஸன் ஸாலிஹாவின் பாஸ்போட்டைத் தன் அலுமாரியில் வைத்திருந்தான். குவைத்தில் ஒரு வீடு. சமையல், துப்புரவு, இரண்டு வருசம். மே மாதம் ஒன்பதாம் திகதி விமானம். அவள் போனால், நாலு வயது மகள் முனவ்வறாவும், காலையில் பாயிலிருந்து தானாக எழும்பவே படாதபாடு படுகிற ஒரு மனிதனும் வீட்டில் தனியே கிடக்க வேண்டியதுதான். பிள்ளை கிணற்றடிக்கு ஓடினால் அவனால் எட்டிப் பிடிக்க முடியாது.

"எத்தின நாள் இரிக்கி ஐயா?"

"கடிதம் போட்ட திகதியில இருந்து அறுபது நாளைக்குள்ள அப்பீல் போய்ச் சேரோணும். இதில இருபத்திமூணு நாள் ஏற்கெனவே போயிற்றுது. எங்க கிடந்தது இது?"

எங்கே கிடந்தது? சம்மாந்துறையில், காலிதீனின் தங்கை அஸீஸாவின் வீட்டில், அரிசிப் பெட்டிக்கு மேல். படையில் சேரும்போது அவன் கொடுத்தது உம்மாவின் வீட்டு விலாசம். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆம்பிளை கலியாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். அதைக் கொழும்புக்காரனுக்கு யார் சொல்வது? அவனுடைய கோப்பில் காலிதீன் இன்னும் உம்மா வீட்டில்தான் இருந்தான்.

"சரி, இனி நான் சொல்றதக் கவனமாக் கேள்," என்றார் நல்லரெத்தினம். "அப்பீல் எண்டா அழுறது இல்ல. 'ஏழை ஐயா, இரங்குங்க ஐயா' எண்டு பத்துப் பக்கம் எழுதினாலும் தூக்கிப் போட்டிருவாங்கள். அவங்கள் என்ன காரணம் காட்டி மறுத்தாங்களோ, அந்தக் காரணத்துக்கு மறுமொழி சொல்லோணும். பழைய சாட்சிய இல்ல, புதுச் சாட்சிய வைக்கோணும். நேரில வந்து காட்ட விடுங்கோ எண்டு கேக்கோணும். விளங்குதா?"

"விளங்குது. என்ன காரணம் போட்டிரிக்கி?"

நல்லரெத்தினம் கடிதத்தின் நாலாவது பந்தியில் விரலை வைத்தார்.

"நீங்களே அனுப்பின கடிதம்தான் காரணம். பள்ளிவாசல் கடிதம்."

ஸாலிஹாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. மனுவோடு ஒரு நற்சான்றிதழ் வைத்தால் நல்லது என்று அவளேதான் தெருப் பள்ளியை நிர்வகிக்கும் தலைமை மரைக்காரான மீராசாவிடம் போய் வாங்கி வந்தாள். பள்ளியின் தலைப்புப் போட்ட தாளில், முத்திரை குத்தி, ஆங்கிலம் தெரிந்த வாத்தியாரைக் கொண்டு அழகாக எழுதிக் கொடுத்தார் மனிதர். நல்லரெத்தினம் அதன் சாரத்தைத் தமிழில் சொன்னார்: மேற்படி காலிதீன் ஒழுக்கமானவர், ஐவேளைத் தொழுகையையும் ஒரு வேளை தவறாமல் பள்ளியில் ஜமாஅத்தோடு, முதல் வரிசையில் நின்று நிறைவேற்றுபவர்.

"உங்கட தொழுகையில நிலத்தில நெத்தி முட்டுவீங்கதானே. ஒரு நாளைக்கு எத்தின தரம்?"

ஸாலிஹா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பதினேழு ரக்அத்து. ஒவ்வொன்றிலும் இரண்டு சுஜூது.

"முப்பத்திநாலு தரம். கட்டாயமான பர்ளு மட்டும். மேலதிகமாத் தொழுற சுன்னத்து வேற."

"அங்க ஒருத்தன் அதைக் கணக்குப் பாத்திருக்கான். ஒரு நாளைக்கு முப்பத்திநாலு தரம் முழங்கால் மடக்கி, நெத்தி நிலத்தில பட விழுந்து எழும்புற ஆளுக்கு என்ன ஊனம் எண்டு எழுதியிருக்கான்."

பெருமைக்கு எழுதிய வரி கழுத்தில் கயிறாக விழுந்து கிடந்தது. ஸாலிஹாவுக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த முப்பத்திநாலு தரமும் என்ன பாடு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளியில் அவன் மற்றவர்களைப் போலவே நின்றான், குனிந்தான், விழுந்தான், எழுந்தான். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டான். வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தியதும் சுவரோடு சரிந்துவிடுவான். அவள் மணலை வறுத்துத் துணியில் கட்டி முதுகில் ஒத்தடம் வைப்பாள். தோல் கறுத்துப் போய்க் கிடந்தது. பாயிலிருந்து எழும்ப, முதலில் இடப்பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, கதவு நிலையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாக ஏறுவான். அதற்குள் அடுப்பில் கேத்தல் கொதித்துவிடும். கை கொடுக்கப் போனால் தட்டிவிடுவான்.

நிற்காமல், உட்கார்ந்து இருந்து தொழுதால் என்ன? நோயாளிக்கு மார்க்கத்தில் அந்த இலேசு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் மல்லாக்கக் கிடந்த நாட்களில் காலிதீன் ஒரு நேர்ச்சை வைத்திருந்தான். 'யா அல்லாஹ், என்னை நடக்க வைத்தால், சாகும்வரை ஒரு வக்துத் தொழுகையையும் இருந்து தொழமாட்டேன்.' ஆண்டவன் நடக்க வைத்தான். பேச்சு மாறுவது எப்படி?

அன்று பின்னேரமே ஸாலிஹா மீராசா மரைக்காரிடம் போனாள். கெட்ட மனிதர் அல்ல அவர். விசயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"புள்ள, நம்மட ஊர்ப் புள்ளைர இறையச்சம், தக்வா, கொழும்பானுக்கும் விளங்கட்டும் எண்டுதானே எழுதின. இப்பிடி வரும் எண்டு ஆரு கண்டா?"

"இன்னொரு கடிதம் தாங்க மாமா. அவருக்கு ஏலா, வருத்தத்தோடதான் தொழுறார் எண்டு."

"அது எப்படிம்மா எழுதுற? நான் கண்ணால கண்டது அவன் நிக்கிறதத்தான். காணாததக் கண்டன் எண்டு எழுதினா பொய்ச்சாட்சி ஆகும். அதுவும் பள்ளி முத்திரையில."

"அப்ப வந்து காணுங்க," என்றாள் ஸாலிஹா. குரல் அவளை அறியாமலே உயர்ந்துவிட்டது. "நாளைக்குச் சுபஹுக்கு முந்தி எங்கட ஊட்டுக்கு வாங்க. அவர் பாயில இருந்து எழும்புறத உங்கட கண்ணால காணுங்க. மறுகா எழுதுங்க."

மரைக்கார் வந்தார். பொழுது வெளிக்க முன்னரே, வாக்குத் தவறாமல், மிதியடி டக்கு டக்கென்று ஒழுங்கையில் ஒலிக்க வந்தார். அந்த மிதியடிதான் கெடுத்தது. காலிதீன் அப்போதுதான் இடப்பக்கம் புரண்டிருந்தான். சத்தத்தைக் கேட்டான். இத்தனை காலையில் தலைமை மரைக்கார் வீட்டு வாசலில் ஏன் என்று ஒரு கணம் ஸாலிஹாவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிலையையும் பிடிக்கவில்லை, பல்லையும் கடிக்கவில்லை. ஒரே எழும்பாக எழும்பி நின்று, சாரனைச் சரி செய்துகொண்டு கதவைத் திறந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. பள்ளிக்கா? நானும் வாறன்."

மரைக்கார் அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இருவரும் ஒழுங்கையில் நடந்து போனார்கள். ஸாலிஹா வெறும் பாயில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு அவன் மீது வந்த கோபம், பத்து வருசக் குடித்தனத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

அவன் திரும்பி வந்து சுவரோடு சரிந்தபோது அவள் மணல் வறுக்கவில்லை.

"மானம் பெரிசா, நான் பெரிசா?" என்று கேட்டாள். "நான் குவைத்தில எவன்ட ஊட்டுக் கக்கூசு கழுவினாலும் உங்களுக்குப் பறுவாயில்ல. பள்ளியில நாலு பேர் உங்களுக்கு ஏலா எண்டு கண்டுறப்படாது."

"மானம் இல்லடி," என்றான் அவன், கண்ணை மூடிக்கொண்டு. வலியில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "அல்லாஹ் அவன்ட பங்கைச் செஞ்சுட்டான். என்ட பங்க நான் விடுறதா?"

அவள் அதே கோபத்தோடு எழுந்து போய் மணலை வறுத்தாள்.

புதுச் சாட்சிக் கடிதம் இல்லாமலேதான் அப்பீல் போனது. நல்லரெத்தினம் இரண்டு நாள் யோசித்து ஒன்றரைப் பக்கத்தில் அடித்தார். ஒருவன் தொழுகிறான் என்பது அவனுக்கு வலியில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அவனை நேரில் அழைத்துப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். அவ்வளவுதான். விலாசத்தில் ஸாலிஹாவின் வீட்டைப் போட்டு, அடியில் கோடும் கிழித்தார். பதிவுத் தபாலில் அனுப்பிய துண்டை ஸாலிஹா குர்ஆன் வைக்கும் தட்டில் வைத்தாள். அறுபது நாளில் இன்னும் முப்பத்தொரு நாள் மீதி இருந்தது.

கொழும்புக்கு ஏப்ரல் இருபத்தோராம் திகதி வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் நல்லரெத்தினம் அவளை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார்.

"தங்கச்சி, ஒண்டே ஒண்டு. அங்க அவர் என்ன பாடுபட்டாலும் நீ கை குடுக்கப்படாது. நீ பிடிச்சு எழுப்பினாயெண்டா அவங்கள் ஒண்டையும் காணமாட்டாங்கள். கல்லு மாதிரி இரு. உனக்கு ஏலுமா?"

"ஏலும் ஐயா," என்றாள்.

முதல் நாளே பஸ் ஏறி, மருதானையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். காலிதீன் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். அவர்களுடைய பெயரைக் கூப்பிடும்போது நடுப்பகல் தொழுகையான ளுஹர் நேரம் வந்திருந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் தலைவர், வலப்பக்கம் நரைத்த தலை டொக்டர், இடப்பக்கம் மொழிபெயர்க்கிற கிளாக்கர். ஸாலிஹாவைச் சுவரோரத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள்.

காலிதீன் உள்ளே போனதும் செய்த முதல் காரியம், குதிகால் இரண்டையும் சேர்த்து விறைப்பாக நின்று சலாம் அடித்ததுதான். ஸாலிஹா கண்ணை மூடிக்கொண்டாள். பாழாய்ப் போன மனிசன். டொக்டர் முழங்காலைத் தட்டினார், முதுகை அமுக்கினார். நோகிறதா என்று கேட்டார்கள்.

"சமாளிப்பன் சேர்," என்றான் அவன்.

டொக்டர் கோப்பைப் புரட்டி, பள்ளிக் கடிதத்தை வெளியே எடுத்தார். கிளாக்கரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கிளாக்கர் கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"எப்படித் தொழுறீங்க எண்டு செய்து காட்டச் சொல்றார்."

காலிதீனின் தாடை இறுகியது. தொழுகையை ஆளுக்குச் செய்து காட்டுவதா? அவன் 'ஏலாது' என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடுவான் என்றுதான் ஸாலிஹா நினைத்தாள்.

"சும்மா செய்து காட்ட ஏலா சேர்," என்றான் அவன். "ளுஹர் நேரம் வந்துட்டு. கை கால் கழுவின உளுவும் இரிக்கி. தொழுறன். பாக்கிறவங்க பாருங்க. கிப்லா எந்தப் பக்கம்?"

மூன்று பேருக்கும் தெரியவில்லை. காலிதீன் சன்னலைப் பார்த்துத் தடுமாறினான். ஊரில் கடலுக்கு முதுகைக் காட்டித் தொழுது பழகியவன்.

"கடல் பக்கம்," என்றாள் ஸாலிஹா. "இஞ்ச கடலைப் பாத்துத் தொழோணும்."

அவன் தோளில் கிடந்த துண்டை விரித்தான். தக்பீர் சொல்லிக் கை கட்டினான். அதற்குப் பிறகு அந்த அறையில் அவனைப் பொறுத்தவரை வேறு யாரும் இருக்கவில்லை. நின்றான், ஓதினான், குனிந்தான், நிமிர்ந்தான். சுஜூதுக்குப் போகும்போது முழங்காலில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து இருந்து, இரண்டாம் சுஜூதுக்குப் போனான். இனி எழும்பி நிற்க வேண்டும்.

அவன் எழும்பவில்லை.

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஸாலிஹா சுஜூதில் ஓதுவதை மூன்று முறை மனதுக்குள் ஓதினாள். பிறகு இன்னும் மூன்று. பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. நெற்றி நிலத்தில் கிடக்க, அவன் முதுகு மட்டும் நடுங்கியது. டொக்டர் ஏதோ சொன்னார்.

"போதுமாம், எழும்பட்டாம்," என்றார் கிளாக்கர்.

தொழுகைக்குள் நிற்பவன் எப்படி மறுமொழி சொல்வான்? ஸாலிஹாவின் கை கதிரையை விட்டுத் தானாக எழுந்தது. அதை மற்றக் கையால் பிடித்து மடியில் அழுத்தினாள். நகம் தோலுக்குள் போனது. ஓடிப்போய் அவனை அள்ளித் தூக்க வேண்டும் என்று உடம்பு முழுதும் கத்தியது. கல்லாக இருந்தாள். அப்படி இருந்ததற்காகத் தன்னைத் தானே வெறுத்தாள்.

டொக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அவன் பக்கத்தில் குந்தி, முதுகில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கோப்பில் நீளமாக எழுதினார். இரண்டு பியோன்மார் வந்து காலிதீனைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவன் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று தொழுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூடப் போகவில்லை. வருத்தம் முற்றிவிட்டது என்று ஸாலிஹா பயந்தாள். அபுல் ஹஸன் ஆள் அனுப்பி, பெட்டியைக் கட்டச் சொன்னான். அவள் முனவ்வறாவின் சட்டைகளைப் பெரிதாக்கித் தைக்கத் தொடங்கினாள். இரண்டு வருசத்தில் பிள்ளை எவ்வளவு வளரும் என்று தெரியாமல், குத்துமதிப்பாக, அழுதழுது தைத்தாள்.

மே நாலாம் திகதி கடிதம் வந்தது. இந்த முறை நேராக வீட்டுக்கே. வாகை மரத்தடியில் நல்லரெத்தினம் ஒரே தடவைதான் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"வெண்டிட்டம் தங்கச்சி. அப்பீல ஏத்துக்கிட்டாங்கள். முழு ஊனம். நீ போகத் தேவையில்ல."

ஸாலிஹா நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதாள். அபுல் ஹஸனிடம் போய்ப் பாஸ்போட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

காலிதீன் சுவரில் சாய்ந்து இருந்தான். கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துப் பாயில் வைத்தான்.

"ஸாலிஹா, இரு இதில. உனக்கு ஒண்டு சொல்லோணும்."

அவள் இருந்தாள்.

"அண்டைக்கு நான் எழும்பியிருப்பன்," என்றான். "என்னால ஏலும். எப்பவும் எழும்புறாப் போல பல்லைக் கடிச்சு எழும்பியிருக்கலாம். எழும்பப் போகக்குள்ள, நீ பெட்டியோட நிக்கிறது கண்ணுக்குள்ள வந்துட்டு. புள்ள கிணத்தடியில நிக்கிறா. எழும்பினாப் போச்சு எண்டு தெரியும். அப்பிடியே கிடந்தன். அல்லாஹ்வுக்கு முன்னால சுஜூதில கிடந்துகொண்டு, அந்த மூணு பேருக்காகக் கிடந்தன். அந்தத் தொழுகையில நான் நடிச்சுட்டன்டி."

அந்த அறையில் அவள் கையைக் கையால் அழுத்திக்கொண்டு இருந்த அதே நேரம், அவனும் தன்னைத் தானே அழுத்திக்கொண்டுதான் கிடந்திருக்கிறான்.

"நடிச்சது அண்டைக்கு இல்ல," என்றாள். "பத்து வருசமா அந்தப் பள்ளியில, ஒரு வருத்தமும் இல்லாத மனிசன் போல எழும்பி எழும்பிக் காட்டினீங்களே, அதுதான் நடிப்பு. அண்டைக்கு ஒரு நாள்தான் உள்ளத உள்ளபடி காட்டினீங்க."

அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொள்ளவில்லை.

"மறுமையில இதக் கேப்பாங்க."

"கேக்கட்டும். அங்கயும் அப்பீல் இரிக்கும். நான் வந்து சாட்சி சொல்லுவன். அந்த முதுகுக்கு மணல் வறுத்தவள் நான்தான்."

பின்னேரத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொன்னது. அவன் வழக்கம்போல இடப்பக்கம் புரண்டு முழங்கையை ஊன்றினான். இப்போது தடுப்பதற்கு யாரும் இல்லை. ஸாலிஹா ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். முதல் தடவையாகத் தட்டிவிடாமல் பிடித்துக்கொண்டான். ஆனால் எழும்பவில்லை.

"வேணாம்," என்றான். "ஏலுமெண்டு தெரிஞ்சும் எழும்பாமக் கிடந்ததோட, நேர்ச்சை அண்டைக்கே முறிஞ்சு போச்சு. இனி இருந்தே தொழுறன். கிப்லாப் பக்கம் திருப்பி மட்டும் விடு."

அவள் அவனைத் திருப்பி இருத்தினாள். மூன்று மாதமாக அவள் கேட்டதும், மன்றாடியதும், மரைக்காரைக் கூட்டி வந்து காட்ட நினைத்ததும் இதைத்தான். அவன் இருந்தபடியே கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினான். ஸாலிஹாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.